களத்தில் எதிரிகள், கல்லாவில் பங்காளிகள்: அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து வணிகமாக வளர்ந்த விதம்

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக், அதாவது என்.எஃப்.எல்., 2021ஆம் ஆண்டில் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர். அந்த லீக்கின் 32 அணிகளுள் ஒன்றான வாஷிங்டன் அணி, 2023இல் 605 கோடி டாலருக்குக் கைமாறியது. அதே லீக்கில் நியூயார்க் நகரத்துக்கு ஓர் அணி வைத்துக்கொள்ளும் உரிமையை 1925இல் டிம் மாரா என்பவர் 500 டாலருக்கு வாங்கினார் என்று சொல்வார்கள். ஆட்டம் விறுவிறுப்பானது, ஆட்டக்காரர்கள் திறமைசாலிகள் என்பது மட்டுமே இந்த வளர்ச்சிக்குக் காரணமாகாது. களத்தில் ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடிக்கும் அணிகளின் முதலாளிகள், கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் கூட்டாளிகளாக உட்காரக் கற்றுக்கொண்டதுதான் முதன்மையான காரணம். அந்தக் கற்றல் எப்படி நடந்தது என்பதையும், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமெரிக்கக் கால்பந்து, நாம் பொதுவாகக் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அன்று. ரக்பியிலிருந்து கிளைத்த இந்த ஆட்டத்தில், பக்கத்துக்கு 11 பேர் இருபுறமும் கூம்பிய நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் 100 கெஜ நீளமுள்ள களத்தில் முன்னேறுவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால் பந்து அவர்களிடமே இருக்கும். முடியாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். பந்துடன் எல்லைக் கோட்டைக் கடப்பது டச்டவுன். இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்வளவு விதிகள் போதும்.

ஆட்டம் பிறந்து வளர்ந்தது பல்கலைக்கழகங்களில். 1869இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் அணிகள் மோதியது கல்லூரிகளுக்கிடையேயான முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏல், ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியது. பணத்துக்காக விளையாடுவது இழிவு, விளையாட்டு விளையாட்டுக்காகவே என்ற அமெச்சூர் கொள்கையை அக்காலத்துக் கனவான்கள் உயர்த்திப் பிடித்தார்கள். கொள்கை அப்படி இருந்தாலும், கல்லூரியை முடித்த நல்ல ஆட்டக்காரர்களைத் தங்கள் பக்கம் இழுக்க நகரத்து உடற்பயிற்சிச் சங்கங்கள் திரைமறைவில் பணமும் பரிசும் கொடுத்துவந்தன.

அந்தத் திரை கிழிந்ததற்கான சான்று ஒரு வரவுசெலவுத் தாளில் இருக்கிறது. 1892 நவம்பர் 12 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் பகுதியில் அலெகெனி அத்லெடிக் அசோசியேஷன், தன் ஜென்மப் பகையான பிட்ஸ்பர்க் அத்லெடிக் கிளப்பை எதிர்கொண்டது. அலெகெனி அணியில் திடீரென்று ஏல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் வில்லியம் ஹெஃபெல்ஃபிங்கர் நிற்பதைப் பார்த்த எதிரணியினர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு நடந்த ஆட்டத்தில், எதிரணி நழுவவிட்ட பந்தைக் கைப்பற்றி ஓடி ஒரே டச்டவுனை எடுத்தவர் ஹெஃபெல்ஃபிங்கர்தான். அன்றைய விதிப்படி டச்டவுனுக்கு 4 புள்ளிகள். அலெகெனி 4–0 என்று வென்றது. அச்சங்கத்தின் கணக்கில், நுழைவுக் கட்டண வசூல் 1,683.50 டாலர், எதிரணிக்கு உறுதியளித்த தொகை 428, மைதான வாடகை 50 என்ற வரிகளோடு, விளையாடியதற்காக ஹெஃபெல்ஃபிங்கருக்கு ரொக்கமாக 500 டாலர் கொடுக்கப்பட்டது என்ற வரியும் இருக்கிறது. எல்லாச் செலவும் போக 621.50 டாலர் லாபம். பல பத்தாண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்த அந்தத் தாள், இன்று ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் உள்ள தொழில்முறைக் கால்பந்து அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. அதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மொத்தச் செலவான 1,062 டாலரில் ஏறக்குறைய பாதி ஒரே ஆட்டக்காரருக்குப் போயிருக்கிறது. அடுத்த நூறாண்டு முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கப்போகும் சிக்கல் முதல் நாளிலேயே தலைகாட்டிவிட்டது.

1895இல் லட்ரோப் என்ற சிற்றூரின் அணி, ஜான் பிராலியர் என்ற இளைஞருக்கு 10 டாலரும் செலவுத் தொகையும் கொடுத்தது. மேற்சொன்ன தாள் கிடைக்கும்வரை முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே என்று நம்பப்பட்டது. பின்னர் இந்த ஆட்டத்தின் மையம் ஒஹாயோவின் தொழில் நகரங்களுக்கு நகர்ந்தது. அருகருகே இருந்த மாசிலனும் கான்டனும் ஒன்றையொன்று முந்த வெளியூர் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கின. 1906இல் சூதாட்ட முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழ, இரு ஊர்களிலும் ஆட்டம் சில ஆண்டுகளுக்குப் படுத்துவிட்டது. 1915இல் கான்டன் அணி, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப்பை ஆட்டத்துக்கு 250 டாலர் என்று பேசி அழைத்துவந்தபோது கூட்டம் மீண்டும் பெருகியது. கூடவே ஊதியப் போட்டியும் மூண்டது. ஒரு வாரம் ஓர் அணிக்கு ஆடியவர் அடுத்த வாரம் கூடுதலாகக் கொடுக்கும் அணிக்குத் தாவினார். கல்லூரி மாணவர்கள் புனைபெயரில் ஞாயிற்றுக்கிழமைகளில் களமிறங்கிக் காசு பார்த்தார்கள்.

இந்தக் குழப்பத்தை முடிவுக்குக் கொண்டுவரத்தான் 1920 ஆகஸ்ட் 20 அன்றும் பின்னர் செப்டம்பர் 17 அன்றும் அணி உரிமையாளர்கள் கான்டனில் கூடினார்கள். இடம், கான்டன் அணியை நடத்திவந்த ரால்ஃப் ஹேயின் ஹப்மொபைல் கார் விற்பனைக் கூடம். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நாற்காலி இல்லாததால், விற்பனைக்கு நின்ற கார்களின் பக்கப்படிகளில் உட்கார்ந்து பேசினார்கள் என்று அக்கூட்டத்தில் கலந்துகொண்ட ஜார்ஜ் ஹலாஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அங்கே உருவான அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்துக்கு, பெயரே விளம்பரமாக இருக்கட்டும் என்று ஜிம் தோர்ப்பைத் தலைவராக்கினார்கள். உறுப்புக் கட்டணம் 100 டாலர் என்று முடிவானது. அதை யாரும் கட்டவில்லை என்பதும் ஹலாஸின் வாக்குமூலம். 1922இல் அந்தச் சங்கம் தேசியக் கால்பந்து லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

லீக் என்ற அமைப்பின் பொருளாதாரத்தை இந்த இடத்தில் புரிந்துகொள்வது நல்லது. ஒரு தெருவில் இரண்டு மளிகைக் கடைகள் இருந்தால், எதிர்க்கடை மூடப்படுவது ஒருவருக்கு லாபம். கால்பந்து அணிக்கு அந்த வசதி இல்லை. எதிரணி திவாலானால் ஞாயிற்றுக்கிழமை ஆட யாரும் இருக்கமாட்டார்கள். எதிரணி மிகவும் நோஞ்சானாக இருந்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைப் பார்க்கச் சீட்டு வாங்க யாரும் வரமாட்டார்கள். ஓர் அணி விற்கும் சரக்கு என்பது இரண்டு அணிகள் சேர்ந்து உற்பத்தி செய்யும் சரக்கு. ஆகவே, ஒவ்வொரு முதலாளியும் வெல்ல ஆசைப்பட வேண்டும், ஆனால் மற்றவர்களை ஒழித்துவிடும் அளவுக்கு வெல்லக் கூடாது. இந்த உண்மையைத் தெரிந்துகொள்வது எளிது. தன் பையிலிருந்து பணம் எடுத்துப் பக்கத்து அணிக்குக் கொடுக்கும் நேரத்தில் அதை ஏற்பதுதான் கடினம்.

1921 முதல் 1939இல் இறக்கும்வரை தலைவராக இருந்த ஜோ கார், லீக்குக்கு ஒழுங்கு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம், ஒப்பந்தத்தில் உள்ளவரை வேறு அணி இழுக்கத் தடை, கல்லூரி மாணவரைச் சேர்த்தால் தண்டனை என்று விதித்ததோடு நிற்காமல் நிறைவேற்றியும் காட்டினார். மாணவர்களைப் பொய்ப்பெயரில் ஆடவைத்த கிரீன் பே அணி தன் இடத்தையே இழந்து, 1922இல் மறுபடியும் விண்ணப்பித்துத்தான் உள்ளே வர முடிந்தது. சிற்றூர்களில் இந்தத் தொழில் தாக்குப்பிடிக்காது, பெருநகரங்களே இதன் எதிர்காலம் என்பதும் அவருடைய கணிப்பு. டிகேட்டர் ஊரில் ஸ்டேலி என்ற ஸ்டார்ச் உற்பத்தியாளர் நடத்திவந்த தொழிற்சாலை அணியை ஹலாஸ் 1921இல் சிகாகோவுக்குக் கொண்டுபோனதும், அது மறு ஆண்டு சிகாகோ பேர்ஸ் ஆனதும் அந்தத் திசையில்தான். அந்தக் கணிப்புக்கு அடங்காத ஒரே சிற்றூர், இறைச்சி டப்பா நிறுவனம் ஒன்று சீருடைக்குப் பணம் கொடுத்து 1919இல் தொடங்கிய அதே கிரீன் பே பேக்கர்ஸ். 1923இல் பங்கு 5 டாலர் என்று ஊர்மக்களிடமே விற்றுப் பணம் திரட்டிய அந்த அணிக்கு இன்றும் தனி முதலாளி கிடையாது.

இவ்வளவு செய்தும் தொழில்முறை ஆட்டத்துக்கு மதிப்பு வரவில்லை. கல்லூரி ஆட்டத்துக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட காலத்தில், கூலிக்கு ஆடுகிறவர்கள் என்ற இளக்காரம் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களைத் தொடர்ந்தது. 1925இல் அதை உடைத்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச். கோடை விடுமுறைகளில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து உடம்பை வளர்த்த அந்த இளைஞர், தம் கடைசிக் கல்லூரி ஆட்டம் முடிந்த கையோடு, திரையரங்கு உரிமையாளரான சி. சி. பைலைத் தம் முகவராகக் கொண்டு சிகாகோ பேர்ஸில் சேர்ந்தார். மாதச் சம்பளத்துக்கு அல்ல, வசூலில் பங்குக்கு. நவம்பர் 26 அன்று, நன்றி நவிலும் நாளில், சிகாகோவில் அவர் ஆடிய முதல் ஆட்டத்துக்கு 36,000 பேர் வந்தார்கள். ஆட்டம் 0–0 என்று சப்பென்று முடிந்தது, ஆனால் வசூலைப் பொறுத்தவரை யாருக்கும் குறையில்லை. பத்து நாள் கழித்து நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் கூடியவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். பெருநட்டத்தில் தத்தளித்த டிம் மாராவின் ஜயண்ட்ஸ் அணி அந்த ஒரு நாள் வசூலில் பிழைத்துக்கொண்டது.

கிரேஞ்ச் கொண்டுவந்த பணத்தைப் பார்த்து மகிழ்ந்த முதலாளிகள், அவரும் பைலும் அடுத்துச் செய்ததைப் பார்த்துக் கலங்கினார்கள். நியூயார்க்கில் தங்களுக்கென ஓர் அணி வேண்டும் என்று பைல் கேட்டார். அந்த நகரம் தனக்கே உரியது என்று மாரா மறுத்தார். பைல் 1926இல் போட்டி லீக் ஒன்றையே தொடங்கிவிட்டார். அது ஒரே பருவத்தில் மூழ்கியது. ஆனால், அதற்குள் 22 அணிகளாக உப்பியிருந்த என்.எஃப்.எல்.லும் மறு ஆண்டு 12 அணிகளாகச் சுருங்கியது. ஒருவருக்கு மட்டுமே உரிய நகரம் என்ற எல்லைக்கோடு எவ்வளவு மதிப்புள்ள சொத்து என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது. ஒரு மாணவரின் வகுப்புத் தோழர்கள் பட்டம் பெறும்வரை அவரைச் சேர்க்கக் கூடாது என்ற விதியும் கிரேஞ்ச் விவகாரத்தின் பின்விளைவே.

பொருளாதாரப் பெருமந்தம் லீக்கை 1932இல் 8 அணிகளாக்கியது. அவ்வாண்டின் முதலிடத்துக்கான ஆட்டம், கடும்பனியால் சிகாகோவில் ஓர் உள்ளரங்கில், முந்தைய வாரம் சர்க்கஸுக்காகக் கொட்டிய மண்ணின் மீது, குறுக்கப்பட்ட களத்தில் நடந்தது. வேடிக்கை போல நடந்த அந்த ஆட்டத்தைக் காணப் 11,000 பேருக்கு மேல் வந்ததைப் பார்த்த முதலாளிகள், 1933இல் லீக்கை இரு பிரிவுகளாகப் பிரித்து இறுதி ஆட்டத்தை ஆண்டுதோறும் நடத்தத் தொடங்கினார்கள். பந்தை முன்னோக்கி எறிவதற்கு இருந்த கட்டுப்பாட்டையும் தளர்த்தினார்கள். அதுவரை கல்லூரி விதிகளை அப்படியே பின்பற்றிவந்த லீக், பார்வையாளருக்காக விதியை மாற்றலாம் என்று துணிந்தது அப்போதுதான்.

அடுத்த கண்டுபிடிப்பு, இன்றுவரை இந்த வணிகத்தின் அச்சாணியாக இருக்கும் டிராஃப்ட் முறை. பிலடெல்பியா ஈகிள்ஸின் உரிமையாளர் பெர்ட் பெல், மினசோட்டாவின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற ஆட்டக்காரரைச் சேர்க்கப் பெரும்பாடு பட்டு, கூடுதல் பணம் கொடுத்த புரூக்ளின் அணியிடம் அவரை இழந்தார். பணமுள்ள நான்கைந்து அணிகளே நல்லவர்களை அள்ளிக்கொண்டால் மற்றவை என்றும் கடைசியிலேயே கிடக்கும் என்று அவர் 1935இல் வாதிட்டார். கல்லூரியை முடிக்கும் ஆட்டக்காரர்களின் பட்டியலிலிருந்து அணிகள் வரிசையாக ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் இருந்த அணிக்கே முதல் வாய்ப்பு; ஓர் அணி தேர்ந்தெடுத்தவரிடம் லீக்கின் வேறு எந்த அணியும் பேரம் பேசக் கூடாது. இதுவே அவர் முன்வைத்த திட்டம். வலுவான அணிகளை வைத்திருந்த ஹலாஸும் மாராவும் தங்கள் நலனுக்கு எதிரான இந்த யோசனைக்குத் தலையசைத்தார்கள். 1936 பிப்ரவரி 8 அன்று முதல் டிராஃப்ட் நடந்தது. 1935 பருவத்தில் ஈகிள்ஸ்தான் கடைசி என்பதால் முதல் வாய்ப்பும் பெல்லுக்கே கிடைத்தது! அவர் தேர்ந்தெடுத்த ஜே பெர்வாங்கரோ, கேட்ட சம்பளம் எங்கும் கிடைக்காததால் ஒரு நாள்கூட என்.எஃப்.எல்.லில் ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பெர்வாங்கரின் முடிவை ஒரு துணுக்காகக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. டிராஃப்ட் அணிகளைச் சமப்படுத்தியது என்பது உண்மையின் ஒரு பாதி. பல முதலாளிகள் ஒரே ஆளுக்குப் போட்டியிட்ட நிலையை, ஒரே முதலாளியிடம் ஓர் ஆள் கையேந்தும் நிலையாக மாற்றியது அதன் மறுபாதி. கூட்டு ஒப்பந்தங்களின் இருண்ட பக்கம் வேறோர் இடத்தில் இன்னும் கொடுமையாகத் தெரிந்தது. 1920இல் முதல் பட்டத்தை வென்ற ஏக்ரன் அணியில் ஃபிரிட்ஸ் போலார்டு என்ற கறுப்பின ஆட்டக்காரர் நட்சத்திரமாக இருந்தார். அந்த அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆனார். ஆனால், 1934 முதல் 1945 வரை லீக்கில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமலேயே கதவு மூடியிருந்தது. 1946இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி, பொதுப்பணத்தில் கட்டிய கொலீசியம் மைதானத்தைக் கேட்டபோது எழுந்த அழுத்தத்தால்தான் கென்னி வாஷிங்டனையும் உட்டி ஸ்ட்ரோடையும் சேர்த்தது.

போருக்குப் பின் தொலைக்காட்சி வந்தது. அதை வரமென்று யாரும் உடனே கொண்டாடவில்லை. 1950இல் ராம்ஸ் அணி தன் உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்ட, மைதானத்துக்கு வருவோர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அப்போது லீக்கின் கமிஷனராக இருந்த பெர்ட் பெல் எடுத்த முடிவு எளிமையானது: வெளியூரில் ஆடும்போது உள்ளூர் மக்களுக்குக் காட்டு, உள்ளூரில் ஆடும்போது அந்த வட்டாரத்தில் இருட்டடிப்புச் செய். இது போட்டியைக் குலைக்கிறது என்று அரசு வழக்குத் தொடுத்தது. 1953இல் நீதிபதி ஆலன் கிரிம் உள்ளூர் இருட்டடிப்பை அனுமதித்தார். மைதானச் சீட்டையும் வீட்டுத் திரையையும் ஒன்றையொன்று தின்னாமல் இரண்டையும் விற்கும் வழி இப்படிக் கிடைத்தது. 1958 டிசம்பர் 28 அன்று யாங்கி மைதானத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ், ஜயண்ட்ஸைக் கூடுதல் நேரத்தில் 23–17 என்று வீழ்த்திய இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 4.5 கோடி பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

அதைப் பார்த்தவர்களுள் பணக்காரர்களும் இருந்தார்கள். டெக்சஸ் எண்ணெய்க் குடும்பத்து இளைஞர் லமார் ஹன்ட், என்.எஃப்.எல்.லில் இடம் கிடைக்காததால் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு 1960இல் 8 அணிகளுடன் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கினார். அந்தப் புதிய லீக்தான், தன் அணிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏ.பி.சி. நிறுவனத்திடம் ஒரே ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்து, பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டது. என்.எஃப்.எல்.லிலோ அதுவரை ஒவ்வோர் அணியும் தனித்தனியே பேரம் பேசியது. நியூயார்க்குக்குக் கிடைத்த தொகையில் ஒரு சிறு பங்கே சிறிய நகரங்களுக்குக் கிடைத்தது. 1960 ஜனவரியில் 33 வயதில் கமிஷனரான பீட் ரோசெல், எதிரியின் யோசனையைக் கூச்சமின்றி எடுத்துக்கொண்டார். அதிகம் இழக்கக்கூடிய நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் அணிகளை அவர் இணங்கவைத்ததே பெரிய சாதனை. மாரா குடும்பம் சமப்பங்குக்கு ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்றைய என்.எஃப்.எல். இல்லை என்று சொல்வது மிகையாகாது.

சி.பி.எஸ். நிறுவனத்துடன் ரோசெல் செய்த கூட்டு ஒப்பந்தம், போட்டியைக் குலைக்கும் கூட்டுச்சதி என்று அதே நீதிபதி கிரிம் 1961இல் தடுத்துவிட்டார். ரோசெல் வாஷிங்டனுக்குப் போய்ச் சட்டத்தையே மாற்றவைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று அதிபர் கென்னடி கையெழுத்திட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், லீக்குகள் தம் அணிகளின் ஒளிபரப்பு உரிமையை ஒன்றாகக் கட்டி விற்க அனுமதித்தது. கல்லூரி ஆட்டங்களுக்கும் பள்ளி ஆட்டங்களுக்கும் இடையூறு வராதபடி, இலையுதிர்ப் பருவத்தின் வெள்ளி இரவுகளிலும் சனிக்கிழமைகளிலும் தொழில்முறை ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை கிடையாது என்றும் வரையறுத்தது. என்.எஃப்.எல். நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமாக இருந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம். 1962, 1963 பருவங்களுக்கு ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர் கிடைத்தது. 14 அணிகளும் தலா சுமார் 3.3 லட்சம் பெற்றன. சுமார் 63,000 பேர் வாழ்ந்த கிரீன் பேக்கும் நியூயார்க்குக்கும் ஒரே தொகை. 1964இல் அது ஆண்டுக்கு 1 கோடியே 41 லட்சமாக உயர்ந்தது.

போட்டி லீக்கும் சளைக்கவில்லை. என்.பி.சி.யிடமிருந்து 5 ஆண்டுகளுக்கு 3 கோடியே 60 லட்சம் டாலர் பெற்று, 1965இல் ஜோ நேமத் என்ற இளைஞரை 4,27,000 டாலருக்கு நியூயார்க் ஜெட்ஸில் சேர்த்தது. ஹெஃபெல்ஃபிங்கர் காலத்துச் சிக்கல் பன்மடங்காகத் திரும்பியது. இரு லீக்குகளும் 1966 ஜூன் 8 அன்று இணைப்பை அறிவித்து, டிராஃப்டையும் ஒன்றாக்கி, ஊதியப் போட்டிக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இதற்கும், போட்டியைக் குலைக்கும் கூட்டுகளைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு தேவைப்பட்டது. அதை நிறைவேற்ற உதவியவர்கள் லூசியானா மாநிலத்தின் இரு செல்வாக்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர்கள். சட்டம் நிறைவேறிய சில நாள்களில் அம்மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸுக்கு ஓர் அணி அறிவிக்கப்பட்டது. காரண காரியத்தை வாசகரே முடிவுசெய்துகொள்ளலாம். இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் 1967 ஜனவரி 15 அன்று மோதிய முதல் ஆட்டத்தில், பின்னாளில் சூப்பர் போல் என்று உலகம் அறிந்த அந்த நிகழ்ச்சியில், கிரீன் பே 35–10 என்று கான்சஸ் சிட்டியை வென்றது. மைதானத்தில் ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 1970இல் இணைப்பு முழுமையடைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திங்கள் இரவு ஆட்டத்தை ஏ.பி.சி. தொடங்க, மைதானத்தில் விற்கும் சீட்டைவிட ஒளிபரப்பே முதன்மையான சரக்கு என்ற நிலை உறுதிப்பட்டது.

முதலாளிகளின் ஒற்றுமைக்கு எதிர்வினையாக ஆட்டக்காரர்களும் 1956இல் சங்கம் அமைத்தார்கள். பேஸ்பாலுக்கு இருந்த சட்ட விலக்கு கால்பந்துக்குக் கிடையாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவர்கள் கையில் கிடைத்த ஆயுதம். எனினும் வேலைநிறுத்தங்களையும் வழக்குகளையும் கடந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை உண்மையான வடிவில் கிடைக்க 1993 வரை ஆயிற்று. அதற்கு ஈடாக முதலாளிகள் கேட்டுப் பெற்றது, 1994 முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய உச்சவரம்பு. லீக்கின் வருவாயில் ஒரு குறிப்பிட்ட பங்கை அடிப்படையாகக் கொண்டு, ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவிடலாம் என்று ஆண்டுதோறும் கணக்கிடப்படும் அந்த வரம்பு, நியூயார்க்குக்கும் கிரீன் பேக்கும் ஒன்றேதான்.